பேட்டர்னை நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும்

வணக்கம் அம்மா. மகள் பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல் எல்லாம் படித்துவிட்டு, கர்ப்பிணிகளுக்கான உடையைத் துணி வீணாகாமல் வடிவமைக்கப் போகிறேன் என்று நிற்கிறாள், தையலுக்கு எதற்கு நாலு வருஷப் படிப்பு என்று அவள் அப்பா கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் அவள் பிடித்திருப்பதும் உருப்படியான விஷயம்.

ஆயத்த ஆடைத் தொழிலில், வாங்குகிற துணியில் சுமார் 15 சதவீதம் கட்டிங் மேஜையிலேயே துண்டாக விழுந்துவிடும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. திருப்பூரில் அந்தத் துண்டுகள் பனியன் வேஸ்டாக மெஷின் துடைக்கப் போகும், கொஞ்சம் திரும்ப நூலாகும், ஆனால் ஸ்பான்டெக்ஸ் என்கிற இழுபடும் செயற்கை இழை கலந்துவிட்டால் நூலாக்குவது சிரமம், கர்ப்பகால உடைக்கோ இழுபட வேண்டும் என்று அதைத்தான் நிறையப் போடுகிறார்கள். எவ்வளவு வீணாகும் என்பது துணி மேஜைக்கு வருவதற்கு முன்பே, பேட்டர்ன் (உடையின் ஒவ்வொரு துண்டுக்குமான வெட்டு வடிவம்) வரைகிறவர் கையிலும், அந்த வடிவங்களைத் துணியில் நெருக்கி அடுக்கும் வரைபடமான மார்க்கர் போடுகிறவர் கையிலும் முடிவாகிவிடுகிறது. துணி விலைதான் உடையின் செலவில் பெரும்பங்கு என்பதால், அதில் இரண்டு சதவீதம் மிச்சம் பிடிக்கிற ஆளை எந்தக் கம்பெனியும் எளிதில் இழக்க விரும்பாது.

இன்னொன்று, துணி வீணாகாமல் வெட்டுவதற்குக் கர்ப்பகால உடை நன்றாகவே பொருந்தும். உடம்பை ஒட்டித் தைக்கிற சட்டைக்கு வளைவு வளைவாக வெட்ட வேண்டும். வயிறு மாதாமாதம் மாறுகிறவளுக்கு நேர்கோட்டில் வெட்டிய துண்டுகளே போதும், சுருக்கம், மடிப்பு, பக்கத்தில் இழுத்துக் கட்டும் நாடா ஆகியவை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வயிறு தூக்குவதால் முன்பக்க நீளம் மட்டும் கூடுதலாக வேண்டும். பால் கொடுக்கத் திறப்பு வைத்துவிட்டால் பிரசவத்துக்குப் பிறகும் ஓடும். ஒரே உடை பல அளவுக்குப் பொருந்துவதால், வீணில்லாத பேட்டர்னில் பெரிய தலைவலியான கிரேடிங்கும், அதாவது ஒரே பேட்டர்னை வெவ்வேறு அளவுகளுக்கு மாற்றி வரைகிற வேலையும், குறையும். ஆனால் இரண்டு மீட்டரில் முடிகிற உடையை, துண்டே விழவில்லை என்று பெருமைக்காக மூன்று மீட்டரில் தைத்தால் அது சிக்கனமே இல்லை, இதை அவளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். பெயரில் 'நிலைத்த ஃபேஷன்' (சஸ்டெயினபிள் ஃபேஷன்) என்று போட்ட குறுகிய கால கோர்ஸ்களில் இப்போதே பணம் கட்டாதீர்கள். கணக்கு படித்திருப்பதால், சென்னை தரமணியில் உள்ள நிஃப்டில் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) பி.எஃப்.டெக். என்கிற ஆடைத் தொழில்நுட்பப் பட்டப் படிப்புக்கு முயற்சி செய்யலாம். வடிவமைப்புப் பட்டமான பி.டெஸ்ஸும் நல்லதுதான், ஆனால் இவள் ஆசைக்குத் தொழில்நுட்பம்தான் நெருக்கம் என்பது என் கருத்து. நிஃப்ட் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால், அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் பி.டெக். ஃபேஷன் டெக்னாலஜி இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் பேட்டர்ன் மேக்கிங், மார்க்கர், கணினியில் பேட்டர்ன் வரைய உதவும் கேட் (CAD) மென்பொருள் மூன்றையும் எத்தனை மணி நேரம் கையால் செய்யவைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். சொந்த பிராண்டெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் சில வருஷம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் சாம்பிள் பிரிவில் வேலை பார்க்கட்டும்.

ரிசல்ட் வரும்வரை சும்மா இருப்பதற்குப் பதிலாக, இரண்டரை மீட்டர் காட்டன் வாங்கிக் கொடுங்கள். ஐந்தாம் மாதத்திலிருந்து போடக்கூடிய ஒரு உடை தைத்து, விழுந்த துண்டுகளைச் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதிவைக்கட்டும். தெரிந்த கர்ப்பிணி யாராவது இரண்டு நாள் போட்டுப் பார்த்துக் குறை சொல்லட்டும். அந்தக் குறைகளைத் திருத்தி மறுபடி வெட்டியதும் பேட்டர்னை அவள் அப்பாவிடம் காட்டச் சொல்லுங்கள். கேள்வி இருந்தால் அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.