தோற்றவர்களுக்கு எதற்குக் கைதட்டல்?

அன்புள்ள சார்,

போன ஏப்ரலில் பாஸ்டனில் மகள் வீட்டில் இருந்தேன். மாரத்தான் அன்று நியூட்டன் பகுதியில், பாஸ்டன் கல்லூரிக்குச் சற்று முன்னால் உள்ள ஒரு மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். முதலில் வந்தவர்கள் மான் மாதிரி போனார்கள், கண்ணுக்கு நிறைவாக இருந்தது. அதற்கப்புறம் மணிக்கணக்கில் ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நொண்டிக்கொண்டு, அழுதுகொண்டு, சிலர் நடந்தே. அவர்களுக்கும் அக்கம்பக்கத்தார் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். ஜெயித்தவர் அதற்குள் குளித்துச் சாப்பிட்டே முடித்திருப்பார். தோற்றவர்களுக்கு எதற்கு இவ்வளவு கைதட்டல்? பாவம் பார்த்தா? மகளைக் கேட்டால், "உனக்குப் புரியாதும்மா" என்கிறாள்.

பூங்கொடி

அன்புள்ள பூங்கொடி அம்மாவுக்கு,

பாவம் பார்த்து இல்லை. நீங்கள் நின்ற மேட்டிலிருந்தே சொல்கிறேன். அதற்கு ஹார்ட்பிரேக் ஹில் என்று பெயர். ஏற்றம் மொத்தமே 27 மீட்டர்தான், காலையில் நடக்கப் போகிறவர்கள்கூடப் பேசிக்கொண்டே ஏறிவிடலாம். ஆனால் அது வந்து நிற்கிற இடம் அப்படி. 42.195 கிலோமீட்டரில் ஏறக்குறைய 33வது கிலோமீட்டர். தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரை பலருக்கு அந்த வாக்கில்தான் வற்றிப்போகிறது. போதாததற்கு, ஓட்டம் தொடங்கும் ஹாப்கின்டன் ஊரிலிருந்து வரும் பாதையின் முன்பகுதி பெரும்பாலும் இறக்கம். இறக்கத்தில் ஓடுவது சுகம் என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு அடிக்கும் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது முன்தொடை. அது நைந்துபோன பிறகு நியூட்டனின் ஏற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நீங்கள் பார்த்தது கடைசி ஏற்றத்தை.

சில வருடங்களுக்கு முன் வேறொரு மாரத்தானில் 35வது கிலோமீட்டர் தண்ணீர் மேசையில் உதவிக்கு நின்றேன். முன்னால் வந்தவர்கள் ஓட்டத்தை நிறுத்தாமலே காகிதக் கோப்பையின் விளிம்பைக் கிள்ளி மூக்குபோல் குவித்து, இரண்டு வாய் குடித்து எறிந்துவிட்டுப் போனார்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் வந்தவர்கள் நின்று குடித்தார்கள். அதில் ஒருவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வியர்வை காய்ந்து கன்னமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்தும் கோப்பை தளும்பியது. "கொஞ்சம் உட்காருங்க" என்றேன். "உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன் தம்பி" என்றார். குப்பைத்தொட்டி எங்கே என்று தேடிக் கோப்பையைப் போட்டுவிட்டுப் போனார். முதலில் வந்தவர் இரண்டேகால் மணி நேரத்தில் கடந்த வெயிலை இவர் ஆறு மணி நேரம் தலையில் சுமந்தார். அவரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாஸ்டனில் இன்னொன்றும் உண்டு. நீங்கள் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அங்கே இடம் பெறுவதற்கே வேறொரு மாரத்தானை அவரவர் வயதுக்கு வைத்த நேரத்துக்குள் ஓடி முடித்தவர்கள். மற்றவர்களில் பலர் அறப்பணிக்கு நிதி திரட்டிக் கொடுத்து ஓட வந்தவர்கள்.

கைதட்டலுக்கு வருகிறேன். 1966இல் பாபி கிப் என்ற பெண் இந்த ஓட்டத்துக்கு விண்ணப்பம் கேட்டு எழுதினார். பெண்களின் உடம்பு இவ்வளவு தூரம் தாங்காது என்று பதில் வந்தது. அவர் சான் டியாகோவிலிருந்து நாட்கணக்கில் பேருந்தில் வந்து, தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதருக்குள் ஒளிந்திருந்தார். சகோதரனின் அரைக்கால்சட்டை, தலையை மறைக்கும் மேல்சட்டை. ஓட்டம் தொடங்கியதும் கூட்டத்தில் கலந்துவிட்டார். கூட ஓடிய ஆண்கள் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, உன்னை யாரும் வெளியே தள்ள விடமாட்டோம் என்றார்கள். அந்தத் தைரியத்தில் மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். வழியில் சாலையோரம் நின்ற வெல்லெஸ்லி கல்லூரி மாணவிகள் அவரைக் கண்டதும் வீறிட்டார்கள். 3 மணி 21 நிமிடம் 40 விநாடியில் முடித்தார். ஓடியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

நெஞ்சில் எண் இல்லை, முடிவுப் பட்டியலில் பெயர் இல்லை. ஜெயித்தார் என்று சொல்ல விதியிலேயே வழி கிடையாது. அவருக்குத்தான் அந்த மாணவிகள் கத்தினார்கள். பெண்களை முறைப்படி ஓட்டத்தில் சேர்த்தது 1972இல். சாலையோரம் நின்றவர்கள் ஆறு வருடம் முன்பே சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். பாபி கிப்பின் வெற்றியை ஓட்டத்தை நடத்துகிறவர்கள் ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று.

உங்கள் மகளும் அக்கம்பக்கத்தாரும் அன்று கத்தியதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். வந்து சேர்ந்தவர் யார் என்று அவர்கள் தங்கள் கண்ணால் பார்த்துச் சொல்கிறார்கள். கடிகாரத்தைக் கேட்டுச் சொல்வதில்லை.

அடுத்த ஏப்ரலில் போனால் அதே மேட்டில் நில்லுங்கள், கொஞ்சம் பின்மதியம் வரைக்கும். நிறையப் பேர் சட்டையிலோ கையிலோ பெயரை எழுதிக்கொண்டு வருவார்கள். எண்ணைப் பார்க்க வேண்டாம், பெயரைப் படித்துச் சத்தமாகக் கூப்பிடுங்கள். உச்சரிப்பு தப்பாகத்தான் வரும், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.