கூம்பைக் கழற்றலாமா?

கேள்வி: எங்கள் பூனைக்கு முந்தாநாள் கருத்தடை அறுவை செய்தோம். கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு சுவரில் முட்டிக்கொண்டே திரிகிறது. பாவமாக இருக்கிறது, கழற்றிவிடலாமா? மாமியார் தையலில் மஞ்சள் பூசச் சொல்கிறார்.
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: கழற்றாதீர்கள், அம்மா. பூனையின் நாக்கு சொரசொரவென்று இருக்கும். நீங்கள் துணி காயப்போட்டு வருவதற்குள் தையலைப் பிரித்துவிடும். 10 முதல் 14 நாள், மருத்துவர் சொல்லும்வரை இருக்கட்டும். கிண்ணம் எட்டவில்லையென்றால், கூம்புக்குள் அடங்கும் சின்னக் கிண்ணத்தைத் தடித்த புத்தகத்தின் மேல் வையுங்கள். எங்கள் வீட்டுப் பழைய தொலைபேசிப் புத்தகம் அதற்குத்தான் பயன்படுகிறது.

மஞ்சளை மாமியார் குழம்பில் போடட்டும். தையலில் எதுவும் பூச வேண்டாம், குளிப்பாட்டவும் வேண்டாம். வலிக்குமே என்று பனடோல் (பாரசிட்டமால்) மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்; பூனைக்கு அது விஷம், உயிரே போய்விடும். அலமாரி இல்லாத அறையாகப் பார்த்து விடுங்கள், தாவக்கூடாது.

காலையும் மாலையும் வயிற்றைப் பாருங்கள். லேசான சிவப்பு பரவாயில்லை. சீழ், நாற்றம், தையல் விலகல், அல்லது ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தால் உடனே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.