‘மாஸ்க் காண்ட்ராக்டர் பொறுப்பு’ என்று எழுதினால் போதுமா?

தொழிலாளர் பாதுகாப்பு: கேள்வி – பதில்
பதில் தருபவர்: ஓசூர் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர்

கேள்வி: ஐயா, ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்டுக்கு ஆள் விடுகிறேன். பாதிப்பேர் நம்ம ஊர்க்காரர்கள், மீதி ஒடிசா, பீகார் பையன்கள். கம்பெனி புது ஒப்பந்தம் நீட்டியிருக்கிறது. ‘மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்புச் சாதனம், உடல்நலக் கேடு எல்லாம் காண்ட்ராக்டர் பொறுப்பு, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை’ என்று ஒரே பாராவில் முடித்துவிட்டார்கள். கையெழுத்துப் போடலாமா?
— ஒரு காண்ட்ராக்டர், பர்கூர்

பதில்: அப்படியே போடாதீர்கள். அந்தப் பாரா உங்கள் ஆட்களுக்கும் கெடுதல், உங்களுக்கும் கெடுதல்.

‘சம்பந்தமில்லை’ என்று எழுதிவிட்டால் கம்பெனி தப்பித்துவிட முடியாது. 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, காண்ட்ராக்டர் மூலம் வந்த ஆளும் கம்பெனியிடமே நேரடியாக நஷ்டஈடு கேட்கலாம். கொடுத்த பணத்தைக் கம்பெனி பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டியது அங்கேதான். தண்ணீர் லைன், தூசி உறிஞ்சும் வசதி, கிரேன் எல்லாம் கம்பெனி கையில். நோய் வந்தால் பணம் மட்டும் உங்கள் கையிலிருந்து போகும். இன்னொன்று, ‘எனக்கு என்ன ஆனாலும் கேட்க மாட்டேன்’ என்று ஆட்களிடம் எழுதி வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். 17-வது பிரிவுப்படி அந்தக் காகிதம் செல்லாது. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, ஏற்பாடு மாறவில்லை.

சரி, ஒப்பந்தத்தில் என்ன எழுதச் சொல்வது?

முதலில் பரிசோதனை. ‘மருத்துவப் பரிசோதனை செய்யப்படும்’ என்று மொட்டையாக எழுதினால் பிரஷர் பார்த்து, எடை பார்த்து, ஃபிட் என்று சீல் குத்திக் கொடுத்துவிடுவார்கள். கல் தூசிக்கு அது உதவாது. முழு அளவு நெஞ்சு எக்ஸ்ரே, மூச்சை ஊதிப் பார்க்கும் நுரையீரல் டெஸ்ட், கிரைண்டர் சத்தத்துக்காகக் காது டெஸ்ட் என்று மூன்றையும் பெயர் சொல்லி எழுத வையுங்கள். வேலையில் இறங்கும் முன் ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை. அந்த முதல் எக்ஸ்ரேயை மட்டும் விட்டுவிடாதீர்கள். சிலிக்கோசிஸ், அதாவது கல் தூசி நுரையீரலைக் கெடுக்கும் நோய், பெரும்பாலும் பத்து, இருபது வருடம் தூசி தின்ற பிறகுதான் வெளியே தெரியும். ஜெகதேவியில் பத்து வருடம், வேறு மாநிலக் குவாரியில் சில வருடம் என்று இருந்துவிட்டு உங்களிடம் நேற்று வந்தவனுக்கு அது ஏற்கெனவே இருக்கலாம். முதல் நாள் படம் இல்லையென்றால் யாரிடம் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

செலவு யாருடையது என்பதையும் எழுதுங்கள். தொழில்நோயைக் கண்டுபிடிக்கச் செய்யும் பரிசோதனைக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று 2020 பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. டெஸ்ட்டுக்குப் போகிற நாளின் கூலியும் சேர வேண்டும். சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவன் அரை நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க மாட்டான்.

அப்புறம் ரிப்போர்ட். ஒரு நகல் தொழிலாளி கையில் போக வேண்டும். ஒடிசாப் பையன் ஊருக்குப் போய் அங்கே மூச்சு வாங்கினால், அங்குள்ள டாக்டரிடம் காட்ட அவனிடம் வேறென்ன இருக்கிறது? 1995-இல் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஆலைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை உடல்நலப் பதிவேட்டை வைத்திருக்கச் சொன்னது. அந்த உத்தரவு கல்நாருக்குத்தான். ஆனால் கல் தூசியும் அதேபோல மெதுவாகக் கொல்வதுதான். அதையே அளவாக வைத்துக் கேளுங்கள்.

ரிப்போர்ட் மோசமாக வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். தூசியில்லாத வேலைக்கு, பேக்கிங், அளவெடுப்பு, லோடிங் கணக்கு போன்றவற்றுக்கு, கூலி குறையாமல் மாற்ற வேண்டும். இந்த வரி இல்லையென்றால் மற்ற வரிகள் எல்லாம் வீண். எக்ஸ்ரேயில் ஏதாவது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தால், அன்றைக்குப் பாதிப்பேர் லீவு போட்டுவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

சாதனத்துக்கு வருவோம். மாஸ்க் கடைசிக் காவல். முதல் காவல் தண்ணீர். பெரிய கட்டிங் மிஷினில் தண்ணீர் ஓடும். ஸ்லாப்பின் ஓரத்தைத் தேய்த்து எட்ஜ் பிடிக்கும் கை கிரைண்டரில்தான் பெரும்பாலும் ஓடாது. அதை ஓட்டுகிறவனுக்கு வாயில் துண்டு, புருவம் இமை எல்லாம் வெள்ளை. ஸ்லாப் மேல் குனிந்து ஓட்டுகிறான், தூசி நேராக முகத்துக்கு வருகிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசியைப் பெரும்பாலும் மூக்கு தடுத்துவிடும். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்கே தெரியாத பொடி. துண்டு அதைத் தடுக்காது. ஆகவே கை கிரைண்டருக்குத் தண்ணீர் லைன், முடிந்தால் அழுத்தக் காற்றில் ஓடும் கிரைண்டர், கரன்ட் மிஷின் என்றால் 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்). இவை கம்பெனி செலவு என்று எழுதுங்கள். தரையில் விழும் சேறு காய்வதற்குள் கழுவித் தள்ள வேண்டும். காய்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்கினால், தண்ணீர் விட்டு அடக்கிய தூசி அத்தனையும் மறுபடி எழும்பும்.

‘மாஸ்க் வழங்கப்படும்’ என்று மட்டும் இருந்தால் துணி மாஸ்க்தான் வரும். ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தரத்தில், பொடித் தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி2 வகை என்று எழுதுங்கள். எத்தனை நாளுக்கு ஒன்று என்பதையும் எழுதுங்கள். ஷிஃப்ட் முடிந்து ஆணியில் மாட்டிய மாஸ்க்கை எடுத்து உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். விரலில் வெள்ளை ஒட்டினால் அது மறுநாளைக்கு ஆகாது.

காற்றையும் அளக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் இருந்த கணக்கு எளிது. தூசியில் உள்ள குவார்ட்ஸ் (சிலிக்கா கனிமம்) சதவீதத்தோடு 2 கூட்டி, அதனால் 10-ஐ வகுக்க வேண்டும். குவார்ட்ஸ் 30 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் மூச்சோடு உள்ளே போகும் தூசி சுமார் 0.31 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. அளவு எடுக்கும் கருவி சட்டைக் காலரில் மாட்டியிருக்க வேண்டும், ஆபீஸ் சுவரில் மாட்டி எடுத்த அளவை ஏற்காதீர்கள். கேன்ட்ரி கிரேன், செயின், ஸ்லிங் ஆகியவற்றுக்கு வருடாந்தரச் சோதனைச் சான்றிதழ் உண்டு. தூக்கிய கல் பிளாக்குக்குக் கீழே நிற்பது உங்கள் ஆள், நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவையும் கேட்டால் வேறு காண்ட்ராக்டரைப் பார்ப்பார்கள் என்று பயப்படுவீர்கள். பயம் நியாயமானதுதான். அப்படி விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் காது டெஸ்ட்டைக்கூட அடுத்த வருடம் பேசிக்கொள்ளலாம். எக்ஸ்ரே, தண்ணீர், கூலி குறையாத மாற்று வேலை, இந்த மூன்றையும் விடாதீர்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் குவாரியில் டிரில்லிங் வேலை பார்த்தவர். டிபி என்று இரண்டு முறை மருந்து முழுசாகச் சாப்பிட்டார். இன்னும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மறுபடியும் டிபி மருந்து என்கிறார்கள்.
— ஒரு வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: அம்மா, டாக்டரிடம் அவர் என்ன வேலை பார்த்தார் என்று சொன்னீர்களா? எந்தக் குவாரி, எத்தனை வருடம், காய்ந்த டிரில்லா தண்ணீர் டிரில்லா என்று ஒரு தாளில் எழுதி, பழைய எக்ஸ்ரேக்களையும் எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய் டாக்டரைப் பாருங்கள். சிலிக்கோசிஸ் எக்ஸ்ரேயில் டிபி போலவே தெரிவதுண்டு. சிலிக்கோசிஸ் இருப்பவருக்கு டிபி எளிதில் பிடிப்பதும் உண்டு. அதனால் சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்காமல் மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். சிலிக்கோசிஸ் என்று உறுதியானால் அதைத் தொழில்நோய் என்று அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வுத் துறைக்குத் தெரிவிப்பது டாக்டரின் சட்டக் கடமை. அதைக் கேட்கத் தயங்காதீர்கள். சிலிக்கோசிஸும், அதோடு சேர்ந்து வரும் டிபியும் நஷ்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. குவாரி ஆட்களுக்கு வேலையில் சேரும்போதும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவதும் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சுரங்க விதி இருந்தது. அந்த ரிப்போர்ட்டுகளைக் குவாரியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். ‘அப்படி எதுவும் எடுக்கவில்லை’ என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள், நஷ்டஈட்டு வழக்கில் அது உங்கள் பக்கம் பேசும்.

கேள்வி: ஓசூரில் ஏஜென்சி மூலம் வேலைக்குச் சேர்ந்தேன். ரத்தப் பரிசோதனையில் எச்ஐவி-யும் எடுத்தார்கள், அதற்குச் சம்பளத்தில் பணமும் பிடித்துவிட்டார்கள். சரியா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: இரண்டும் தவறு. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்ஐவி தடுப்புச் சட்டம், வேலைக்குச் சேரவோ வேலையில் தொடரவோ அந்தப் பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கவும் கூடாது. 100 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் இதற்கென ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும். யார் என்று கேட்டு, பணம் பிடித்த சம்பளச் சீட்டின் நகலோடு மனுக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.