ஓட்டோ ஏன் தங்குவதில்லை?

கேள்வி: பாசி தின்னும் ஓட்டோசிங்க்ளஸ் கெளுத்தி ஆறு வாங்கினேன். புதுத் தொட்டி, பளிச்சென்ற தண்ணீர். ஒரே வாரத்தில் நான்கு போய்விட்டன. ஏன்?
- வாசகர், பெரம்பூர்

பதில்: அந்தப் பளிச்சுதான் வினை. பாசி படியாத புதுத் தொட்டியில் ஓட்டோவுக்குத் தீனி இல்லை. தென் அமெரிக்க ஆறுகளில் பிடிபட்டு, கடைக்கு வருவதற்குள் பெரும்பாலும் பட்டினியில் வாடிவிடும் மீன் இது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிற்றைப் பாருங்கள். உப்பலாக இருந்தால் எடுங்கள், குழி விழுந்திருந்தால் வேண்டாம். கடைக்கு வந்து பத்து நாளாவது ஆனதா என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

வீட்டில் மீனைப் பைத் தண்ணீரோடு வாளியில் விட்டு, ஏர் டியூபில் (காற்று பம்பின் மெல்லிய குழாய்) ஓட்டம் குறைய முடிச்சுப் போட்டு, அதன் வழியே தொட்டித் தண்ணீரை வாளிக்குள் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். அப்புறம் வலையில் எடுத்து மீனை மட்டும் விடுங்கள். பழுப்புப் பாசி படிந்த பழைய தொட்டியாக இருக்கட்டும். பாசி தீர்ந்தால் வெந்நீரில் வாட்டிய வெள்ளரித் துண்டு போடலாம்.