முப்பதாயிரம் ரூபாய் வகுப்பும் லாக் புக்கும்

அன்புள்ள சார்,

ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். டிப்ளமோ, தமிழ் மீடியம். இந்த வருட அப்ரைசலில் "வேலையில் குறையில்லை, கம்யூனிகேஷன் போதாது" என்று எழுதிப் பதவி உயர்வை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்த, ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஒருவருக்கு அது போய்விட்டது. முப்பதாயிரம் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா? பேச்சையும் எழுத்தையும் வளர்த்துக்கொள்ள என்ன வழி?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

"கம்யூனிகேஷன் போதாது" என்று எழுதியவருக்கே கம்யூனிகேஷன் போதவில்லை. எதையும் சொல்லாத வாக்கியம் அது. அவரிடம் போய், என்றைக்கு, எந்த விஷயம், யாருக்குப் புரியாமல் போனது என்று ஒரே ஒரு உதாரணம் கேளுங்கள். சண்டைக்குப் போகிற தோரணை வேண்டாம். ஆடிட் வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தடுமாறினீர்கள் என்றால் வகுப்பு உதவும். நீங்கள் சொல்லிவிட்டுப் போவது அடுத்த ஷிப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றால் எந்த வகுப்பும் உதவாது.

இந்த இரண்டாவதுதான் உங்கள் தொழிலில் பெரிது. ஸ்காட்லாந்துக்கு அப்பால் வட கடலில் பைபர் ஆல்ஃபா என்றொரு எண்ணெய் மேடை இருந்தது. 1988 ஜூலை 6 அன்று பகல் ஷிப்டில், கன்டன்சேட் (வாயுவிலிருந்து பிரியும் எரிதிரவம்) அனுப்பும் இரண்டு பம்புகளில் ஒன்றின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். மாலைக்குள் திருப்பி மாட்ட முடியவில்லை. குழாயின் வாயை ஒரு தகட்டால் மூடிவிட்டுப் போனார்கள். இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு, ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பம்ப் நின்றுவிட்டது. இரவு ஷிப்ட்காரர்கள் பெர்மிட்டுகளை, அதாவது எந்த வேலைக்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்ற சீட்டுகளை, பார்த்தார்கள். நிறுத்தி வைத்திருந்த பம்பின் பராமரிப்புக்கு ஒரு பெர்மிட் இருந்தது. அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை, ஆகவே ஓட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். வால்வுக்கென்று தனியாக இன்னொரு பெர்மிட் எழுதப்பட்டிருந்தது. அது அவர்கள் கண்ணில் படவில்லை, யாரும் வாயால் சொல்லவும் இல்லை. பம்பை ஓட்டியதும் வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். (இத்தனை பேர் சாக வேறு காரணங்களும் உண்டு. பக்கத்து மேடைகள், தீ எரியும்போதும் எண்ணெயை அனுப்பிக்கொண்டிருந்தன.) ஸ்காட்லாந்து நீதிபதி கல்லன் பிரபு விசாரித்து 1990இல் 106 பரிந்துரைகள் கொடுத்தார். பெர்மிட் முறையும் ஷிப்ட் மாறும்போது தகவல் கைமாறும் விதமும் அந்த அறிக்கையில் கடுமையாக அடிபட்டன.

அங்கே பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தாய்மொழி.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஷிப்டில் நடந்ததை எழுதி வைக்கும் லாக் புக்கில் தொடங்குங்கள். "பம்ப் 2 சத்தம் வருகிறது, கவனிக்கவும்" என்று எழுதினால் படிப்பவர் எதைக் கவனிப்பார்? "பம்ப் 2, மோட்டார் பக்கப் பேரிங்கில் மாலை 4 மணியிலிருந்து சத்தம். வெப்பம் காலையில் 62, இப்போது 78. மெயின்டனன்ஸ் 8 மணிக்கு வருகிறது. அதற்குள் 85ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டு ஸ்டாண்ட்பையை ஓட்டவும்." இதைத் தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் வேலை நடக்கும். எழுதியதோடு விடாமல், வருபவரை நிறுத்தி அதே விஷயத்தை வாயாலும் சொல்லுங்கள். பஸ் போய்விடும் என்ற அவசரம் எல்லோருக்கும் உண்டு, தெரியும். ஆபத்தான ஒன்றையாவது முதலில் சொல்லிவிடுங்கள். நம் ஆட்கள் கதையைக் காலையிலிருந்து தொடங்குவார்கள், முக்கியமான விஷயம் வரும்போது கேட்பவர் செல்போனை எடுத்திருப்பார்.

அப்புறம், கேட்பது. உங்கள் கடிதத்தில் பேச்சு இருக்கிறது, எழுத்து இருக்கிறது, இது மட்டும் இல்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நம் ஊரில் "புரிஞ்சுது சார்" தவிர வேறு பதில் வராது. புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு, அல்லது திட்டு விழும். அதனால் அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். "இப்ப போய் முதல்ல எதைப் பார்க்கப் போற தம்பி?" என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதிலில், நீங்கள் சொன்னதில் எது போய்ச் சேரவில்லை என்று தெரிந்துவிடும். மேலதிகாரி உங்களிடம் சொல்லும்போதும் அப்படித்தான். "ஓகே சார்" என்று தலையாட்டாமல், கேட்டதை ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள். கட்டுப்பாட்டு அறை கொடுக்கும் உயரத்தையும் ஓடுபாதை எண்ணையும் விமானிகள் அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும், அது விதி. அவர்களை யாரும் மந்தபுத்தி என்று நினைப்பதில்லை.

வகுப்பில் சேர்வதானால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் வாத்தியார் எவ்வளவு பேசுகிறார், மாணவர்கள் எவ்வளவு பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். வாத்தியாரே பேசிக்கொண்டிருந்தால் கட்ட வேண்டாம்.