எதை? யாரை? – பத்தாம் வகுப்பு ஆங்கிலக் கேள்விகளுக்கு ஒரு டீச்சரின் பதில்கள்

அரசு உயர்நிலைப் பள்ளியில் 26 வருடம் ஆங்கிலம் எடுத்தேன். அதில் பெரும்பகுதி பத்தாம் வகுப்பு. ஓய்வு பெற்ற பிறகும் மார்ச் மாதம் நெருங்கினால் கை அரிக்கிறது. இந்த முறை இலக்கணமும் சொற்களும் மட்டும் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

டீச்சர், நான் தமிழ் மீடியம். இங்கிலீஷிலேயே யோசித்தால்தான் கிராமர் வரும் என்று டியூஷனில் சொல்கிறார்கள். எனக்கு யோசனை தமிழில்தான் வருகிறது. என்ன செய்வது? (பத்தாம் வகுப்பு மாணவி, உசிலம்பட்டி)

வரட்டும் கண்ணு. தமிழில் யோசிப்பதில் ஒரு குற்றமும் இல்லை. நீ இதுவரை படித்த தமிழ்ப் பாடநூல்களின் இலக்கணப் பகுதிகளை எடுத்துப் பார். செய்வினை, செயப்பாட்டுவினை இருக்கிறது. நேர்கூற்று, அயற்கூற்று இருக்கிறது. தனிநிலை, தொடர்நிலை, கலவைத் தொடர்கள் இருக்கின்றன. ஆங்கிலத் தாளில் இரண்டு மதிப்பெண் இலக்கணக் கேள்விகள் ஐந்து வரும், அதில் மூன்று எழுத வேண்டும். அந்த ஐந்தில் மூன்று இதே சங்கதிதான். தமிழம்மா ஏற்கெனவே நடத்தி முடித்ததை ஆங்கிலத்தில் புதுசு என்று நினைத்துப் பயப்படுகிறோம்.

'எ', 'அன்' எங்கே போடுவது என்பதையே எடுத்துக்கொள். தமிழில் 'ஓர் ஊர்', 'ஒரு நகரம்' என்று எழுதுகிறோம். உயிரெழுத்துக்கு முன் ஓர், மெய்யில் தொடங்கினால் ஒரு. ஆங்கிலத்திலும் அதேதான், ஆனால் எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார். யுனிவர்சிட்டி 'யு'வில் தொடங்குகிறது, அதனால் 'எ யுனிவர்சிட்டி'. எம்.எல்.ஏ 'எ'யில் தொடங்குகிறார், அதனால் 'அன் எம்.எல்.ஏ'. ஹானஸ்ட் என்று நாம் சொன்னாலும் சரியான உச்சரிப்பு 'ஆனஸ்ட்', அதனால் 'அன்'. ஒரே ஒரு இடத்தில் இந்தத் தந்திரம் காலை வாரும். 'ஒன்' என்று தமிழில் எழுதினால் உயிரெழுத்து போலத் தெரியும். சொல்லிப் பார், உதடு 'வ'வுக்குக் குவியும். அதனால் 'எ ஒன்-ருபீ காயின்'.

ஆக்டிவ், பாசிவ் எழுதும்போது எதை முன்னால் கொண்டுவருவது என்றே தெரியவில்லை. ஃபார்முலா மனப்பாடம் செய்தும் குழம்புகிறது. (மாணவன், அரூர்)

ஃபார்முலாவை ஓரமாக வை தம்பி. வினைச்சொல்லிடம் 'எதை? யாரை?' என்று கேள். 'த பாய் ப்ரோக் த விண்டோ'. எதை உடைத்தான்? ஜன்னலை. அந்த 'ஐ' ஒட்டிக்கொள்கிற ஆள்தான் முன்னால் வருவார். 'த விண்டோ வாஸ் ப்ரோக்கன் பை த பாய்'. 'ஷி ஸ்லெப்ட்' என்றால் எதைத் தூங்கினாள்? பதில் இல்லை. செயப்படுபொருள் குன்றிய வினை, இதற்குப் பாசிவே கிடையாது.

சறுக்கும் இடம் 'ஈஸ் பீயிங்'. 'மதர் ஈஸ் குக்கிங் ரைஸ்' என்பதை 'ரைஸ் ஈஸ் குக்ட் பை மதர்' என்று எழுதிவிடுவார்கள், 'பீயிங்' காணாமல் போயிருக்கும். ஏன் என்றால், சோறு சமைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. காதுக்குப் பழக்கமில்லாததைக் கைதான் பழக்க வேண்டும். இந்த ஒரு வகையை மட்டும் தினம் மூன்று வாக்கியம் எழுது. கட்டளை வாக்கியத்துக்கு 'லெட்': 'ஓபன் த டோர்' என்பது 'லெட் த டோர் பி ஓபன்ட்' ஆகும். 'ப்ளீஸ்' இருந்தால் 'யு ஆர் ரிக்வெஸ்டட் டு' என்று தொடங்கி மீதியை அப்படியே எழுது.

டைரக்ட், இன்டைரக்ட்? ஒவ்வொரு திருப்புதல் தேர்விலும் அதில்தான் போகிறது. (பலர் கேட்டது)

இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். அண்ணன் சொன்னான்: "நான் நாளை மதுரைக்குப் போகிறேன்." இதை நீ அம்மாவிடம் எப்படிச் சொல்வாய்? அடுத்த வாரம் சொல்வதாக வைத்துக்கொள். 'அண்ணன், தான் மறுநாள் மதுரைக்குப் போவதாகச் சொன்னான்.' நான் என்பது தான் ஆயிற்று, நாளை மறுநாள் ஆயிற்று. தமிழ் அயற்கூற்றிலும் இது அது ஆகும், இங்கே அங்கே ஆகும், இப்பொழுது அப்பொழுது ஆகும். ஆங்கிலமும் அதையே கேட்கிறது: 'டுமாரோ' என்பது 'த நெக்ஸ்ட் டே', 'ஹியர்' என்பது 'தேர்', 'நவ்' என்பது 'தென்'. பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியில்தான் தமிழ் கைகொடுக்காது. ஆங்கிலத்தில் 'செட்' என்று இறந்த காலத்தில் சொல்லிவிட்டால், உள்ளே இருக்கும் காலமும் ஒரு படி பின்னால் இறங்க வேண்டும். 'ஐ ஆம் கோயிங்' என்பது 'ஹி வாஸ் கோயிங்'. 'வில்' என்பது 'வுட்'. 'ஹேஸ் கான்' என்பது 'ஹேட் கான்'. தமிழில் 'வருகிறேன் என்றான்' என்று காலத்தைத் தொடாமலே சொல்லிவிடலாம், அதனால் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். ஆளையும் நாளையும் மாற்றத் தமிழ் போதும். காலத்தை மாற்ற மட்டும் ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும்.

கேள்வி வாக்கியத்துக்கும் தமிழில் ஓர் அடையாளம் உண்டு. 'வருகிறாயா' என்று 'ஆ'வில் முடிந்தால் ஆங்கிலத்தில் 'இஃப்' போடு. எங்கே, எப்போது, ஏன் என்று கேள்விச் சொல் இருந்தால் அந்தச் சொல்லே இணைப்பாகிவிடும், 'தட்' வேண்டாம். அப்புறம் கேள்வி வரிசையைக் கலைத்துவிடு. 'வேர் ஆர் யு கோயிங்?' என்று மாமா கேட்டால், 'அங்கிள் ஆஸ்க்ட் மி வேர் ஐ வாஸ் கோயிங்'. 'வேர் வாஸ் ஐ கோயிங்' என்று எழுதிவிட்டுக் கடைசியில் கேள்விக்குறியும் போட்டு வைத்த விடைத்தாள்கள் என் கையில் எத்தனை வந்திருக்கும் என்று கணக்கில்லை.

என் மகள் தினமும் அகராதியிலிருந்து 20 சொற்கள் மனப்பாடம் செய்கிறாள். மறுநாள் கேட்டால் ஐந்துகூட நினைவில்லை. ஞாபக மறதியா டீச்சர்? (ஓர் அம்மா, காரைக்குடி)

மறதி ஒன்றும் இல்லை அம்மா, சொற்கள் தனியாக நிற்கின்றன, அவ்வளவுதான். 20 வேண்டாம், ஐந்து போதும். அகராதியிலிருந்தும் வேண்டாம், பாடத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். தேர்வில் இணைச்சொல் மூன்று, எதிர்ச்சொல் மூன்று. பெரும்பாலும் பாடத்தில் வந்த சொற்களைத்தான் வாக்கியத்தில் வைத்து அடிக்கோடிட்டுத் தருகிறார்கள்.

ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் வீட்டில் நடந்த ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் எழுதட்டும். என் வகுப்பில் ஒரு பெண் 'ஸ்கேர்ஸ்' என்ற சொல்லுக்கு எழுதியது இது: 'வாட்டர் ஈஸ் ஸ்கேர்ஸ் இன் அவர் ஸ்ட்ரீட். த லாரி கம்ஸ் ஒன்ஸ் இன் ஃபோர் டேஸ்.' பக்கத்தில் ஒரு குடத்தையும் வரைந்து வைத்திருந்தாள். எதிர்ச்சொல் கேட்டேன். 'லாரி தினமும் வந்தால் டீச்சர், அபன்டன்ட்' என்றாள். அந்தச் சொல் இனி அவளை விட்டுப் போகுமா?

இன்னொன்று. விடைத்தாள் திருத்தும் முகாமில் வருடா வருடம் பார்த்தது. எதிர்ச்சொல் கேட்டிருக்கும், நான்கு விடைகளில் இணைச்சொல்லும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் அதில் விழும், ஏனென்றால் அதற்குத்தான் அந்த அர்த்தம் தெரியும். ஆரம்பத்தில் தருகிற 15 நிமிடத்தில் கேள்வித்தாளைப் படிக்கும்போதே எதிர்ச்சொல் கேட்ட எண்களை மனதில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். விடையை எழுதும்போது குறியீடு, சொல் இரண்டையும் எழுத வேண்டும். கேள்வித்தாளிலேயே அப்படித்தான் போட்டிருக்கும்.

எதிர்ச்சொல் ஆக்க ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் போடுகிற 'இன்', 'இம்', 'இர்', 'இல்' எதற்கு எது? (மாணவி, திருவாரூர்)

எல்லாம் ஒரே 'இன்'தான், இல்லை என்று பொருள். மரம் + கள் சேர்ந்தால் மரங்கள் ஆகிறதே, ஏன்? 'க'வுக்கு முன் 'ம்' சொல்ல நாக்குக்குக் கஷ்டம், 'ங்' ஆகிவிடுகிறது. அதே கதை இங்கேயும். ப, ம ஒலிகளுக்கு முன் 'இம்': இம்பாசிபிள், இம்மெச்சூர். 'ர'வுக்கு முன் 'இர்': இர்ரெகுலர். 'ல'வுக்கு முன் 'இல்': இல்லீகல். 'அன்' மட்டும் யாருக்கும் வளைந்துகொடுக்காது: அன்ரிலையபிள், அன்பிளசன்ட். எந்தச் சொல்லுக்கு 'அன்', எதற்கு 'இன்' என்பதற்கு விதி தேடாதே, படித்துப் பழகுவதுதான்.

ஃப்ரேசல் வெர்ப் எத்தனை படித்தாலும் தீரவில்லை. (அதே திருவாரூர்)

'கைவிடு' என்றால் கையை விடுவதா? இல்லையே. அதுபோல 'புட் ஆஃப்' என்பதைப் பிரித்தால் ஒன்றும் கிடைக்காது, ஒத்திவைப்பது என்று மொத்தமாக வாங்கிக்கொள். 'புட் அவுட்' அணைப்பது, 'புட் ஆன்' உடுத்துவது, 'புட் அப் வித்' பொறுத்துப்போவது. ஒரு நாளைக்கு ஒரு வினை, அதன் குடும்பம் மொத்தமும். தேர்வில் இதற்கு ஒரே மதிப்பெண்தான், இதற்காக ராத்திரி விழிக்காதே.

பிழை திருத்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்? (ஒரு புதிய ஆசிரியை)

ஐந்து வாக்கியம், ஐந்து மதிப்பெண், கணக்குப் பாடம் மாதிரி முழுதாகக் கிடைக்கும். ஆனால் பிள்ளைகளுக்குப் பிழையே கண்ணில் படாது, ஏனென்றால் தமிழில் அது சரியாக இருக்கும். 'நேற்று அவனைப் பார்த்திருக்கிறேன்' என்று நாம் சொல்கிறோம். 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' தவறு, 'எஸ்டர்டே' வந்தால் 'ஐ சா ஹிம்' மட்டும்தான். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதிலிருந்து 'டிஸ்கஸ்ட் அபவுட்' வருகிறது, அந்த 'அபவுட்'டை எடுக்க வேண்டும். 'சீனியர்', 'ஜூனியர்' வந்தால் 'தேன்' கிடையாது, 'டு'.

சில இடங்களில் தமிழே காப்பாற்றும். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் ஆர் கமிங்' என்று எழுதுகிறவன் தமிழில் 'நண்பர்களில் ஒருவன் வருகிறான்' என்று சரியாகத்தான் சொல்கிறான். நண்பர்கள் பன்மை, வருகிறான் ஒருமை. அப்படியே மாற்றச் சொல்லுங்கள்: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் ஈஸ் கமிங்'. 'தோ' போட்டுவிட்டு 'பட்'டும் போடுவார்கள். 'மழை பெய்தாலும் ஆனால் போனான்' என்று சொல்லிக் காட்டுங்கள், வகுப்பே சிரிக்கும். அப்புறம் எழுத மாட்டார்கள்.

பழைய கேள்வித்தாள்கள் வாங்கலாமா? செல்போனில் தேர்வு எழுதிப் பழகுவது நல்லதா? (ஒரு தந்தை, ஆரணி)

முன்பு ஆங்கிலம் இரண்டு தாளாக இருந்தது, இப்போது 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள். அதனால் பழைய இரண்டு தாள் கேள்விகளை இலக்கணப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அமைப்பைப் பார்க்காதீர்கள். செல்போனில் தட்டுவது ஒரு மார்க்குக்குச் சரி. மற்றதெல்லாம் பேனாவில் எழுதினால்தான். எழுத்துப்பிழை தட்டும்போது தெரியாது.

மேடம், வயது 41. திருப்பூரில் டெய்லர். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறேன். பாடம் எல்லாம் படிக்க நேரமில்லை. ஆங்கிலத்தில் பாஸ் ஆனால் போதும்.

ஆகலாம். 35 வேண்டும், கணக்குப் போடுவோம். ஒரு மார்க் கேள்விகள் 14. இலக்கணம் மூன்று எழுதினால் 6. வழிகாட்டும் வரைபடம் 2. மனப்பாடப் பாடல் 5. பிழை திருத்தம் 5. படத்தைப் பார்த்து ஐந்து வரி, அதற்கு 5. பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது 8, விடை அந்தப் பத்தியிலேயே இருக்கும். கூட்டினால் 45. பத்து போனாலும் 35 நிற்கும்.

நீங்கள் வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். 'கோ ஸ்ட்ரெய்ட்', 'டேக் த ஃபர்ஸ்ட் லெஃப்ட்', 'இட் ஈஸ் ஆன் யுவர் ரைட்', 'ஆப்போசிட் டு த பேங்க்'. உங்கள் கம்பெனியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்லி நாலு வரி எழுதுங்கள். முதல் நாளே 2 மதிப்பெண் கைக்கு வந்துவிடும். மனப்பாடப் பாடலை மெஷின் மிதிக்கும்போது சொல்லிப் பழகலாம், ஆனால் இரவில் ஒரு தடவை எழுதிப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் ஊர்க் கடைப் பலகையில் 'ஃபர்னிச்சர்ஸ்' என்று இருக்கிறது. டீச்சர் தவறு என்கிறார். யார் சரி? (மாணவன், பொள்ளாச்சி)

உன் டீச்சர்தான் சரி. ஃபர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபர்மேஷன், அட்வைஸ் இவற்றுக்குப் பன்மையில் 'ஸ்' கிடையாது, எண்ண வேண்டுமென்றால் 'எ பீஸ் ஆஃப்' சேர்த்துக்கொள். அப்படியே இதையும் பார்த்துக்கொள்: 'மதர்-இன்-லா'வின் பன்மை 'மதர்ஸ்-இன்-லா', 'க்ரைசிஸ்' பன்மையில் 'க்ரைசீஸ்', 'ஆக்ஸ்' பன்மையில் 'ஆக்ஸன்'. கடைக்காரரிடம் போய்ச் சொல்லிவிடாதே தம்பி, எங்கள் தெருக் கடையில் நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். 'பெயின்டர் எழுதினது டீச்சர்' என்று சொல்லிவிட்டு எனக்கு நாற்காலி விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.