முதுமாணி முடித்தால் துரையாகலாமா?

முதுமாணிப் பட்டம் (மாஸ்டர்ஸ்), வேலை பற்றி மலையகத்து விவசாயப் பட்டதாரிகள் கேட்டவற்றில் சில.

ஒரு வருட முதுமாணியா, இரண்டு வருடமா? (தலவாக்கலை)

எந்த வேலைக்கு என்பதை முதலில் சொல்லுங்கள். ஒரு வருடப் பாடநெறி மட்டும் என்றால் 30 கிரெடிட், பட்டங்களை மட்டம் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 9ஆம் மட்டம். ஆய்வும் சேர்ந்த இரண்டு வருடம் என்றால் 60 கிரெடிட், 10ஆம் மட்டம். வங்கியிலோ உரக் கம்பனியிலோ இருந்துகொண்டு பதவி உயர்வு பார்ப்பவருக்கு முதலாவது போதும். விரிவுரையாளர், ஆராய்ச்சி, பிறகு கலாநிதிப் பட்டம் என்று ஆசையிருந்தால் அந்த ஒரு வருடப் படிப்பில் காசைக் கொட்டாதீர்கள்.

அப்பா தோட்டத் தொழிலாளி. முதுமாணி முடித்தால் சின்னத்துரை (தோட்டத்தின் உதவி முகாமையாளர்) வேலை கிடைக்குமா? (பண்டாரவளை)

அந்த வேலைக்கு முதுமாணி தேவையில்லை. கம்பனிகள் தேடுவது விடியற்காலையில், தொழிலாளருக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கக்கூடிய இளைஞர்களை. இரண்டு வருடம் படித்துவிட்டுப் போனால் உங்களைவிட வயது குறைந்தவர் உங்களுக்கு மேலே இருப்பார். முதலில் வேலையில் சேருங்கள், பிறகு வார இறுதியில் படியுங்கள். மடுவத்தில் தேயிலைக் கொழுந்து நிறுப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர் நீங்கள். நேர்முகத்தில் அதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

ஆய்வுத் தலைப்பு கிடைக்கவில்லை. மேற்பார்வையாளர் 'நீங்களே யோசியுங்கள்' என்கிறார். (நுவரெலியா)

நுவரெலியாவில் இருந்துகொண்டா! பூக்கும் பருவத்தில் ஓர் உருளைக்கிழங்குச் செடியைக் கவனமாகக் கிளப்பி, வேரை அலசிப் பாருங்கள். குண்டூசித் தலையளவு வெள்ளை, மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தால் அவை வேரைத் தாக்கும் நெமற்றோடு என்ற நுண்புழுவின் பெண் புழுக்கள். செத்தபின் அவற்றின் உடலே முட்டைகளைக் காக்கும் கூடாகி, கிழங்கே நடாவிட்டாலும் மண்ணில் பல வருடம் கிடக்கும். எந்தப் பயிர்ச்சுழற்சியில், எத்தனை போகத்தில் முட்டை குறைகிறது என்று உங்கள் பக்கத்துத் தோட்டங்களிலேயே எண்ணிப் பார்க்கலாம். சீத்தாஎலிய விவசாய ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆய்வுகூடத்துக்குள் மட்டும் முடிகிற தலைப்பைவிட இது நேர்முகத்தில் அதிகம் பேசப்படும். மண்ணை ஊர் ஊராகக் கொண்டுபோகாதீர்கள், புழுவும் கூடவே போகும்.

அரச வேலைக்குச் சிங்களம் வேண்டுமா? (ஹட்டன்)

வேண்டும். நியமனத்துக்குப் பிறகு இரண்டாம் மொழித் தேர்ச்சி கேட்பார்கள். நம் பிள்ளைகள் பேசுவார்கள், எழுத்தில்தான் சறுக்குவார்கள். இப்போதே எழுதிப் பழகுங்கள்.

வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு எங்கே தொடங்குவது? (மாத்தளை)

ஒரே கடிதத்தை ஐம்பது பேராசிரியர்களுக்கு அனுப்பாதீர்கள். மூன்று பேரின் கட்டுரைகளை வாசித்து, அதில் ஒரு சந்தேகம் கேட்டு எழுதுங்கள். ஜப்பான் அரசின் புலமைப்பரிசிலுக்கு வயது வரம்பு உண்டு, அதை முதலில் பாருங்கள்.